ப்ளூ பில் போர்டு ஓபன்ஓசிடிக்கு மசியவில்லையா? எங்கே தேடுவது?

ப்ளூ பில் என்பது எஸ்டிஎம்32எஃப்103 சிப் வைத்த ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. லினக்ஸில் ஓபன்ஓசிடியும் (சிப்பில் நிரல் ஏற்றவும் பிழை தேடவும், அதாவது டீபக் செய்யவும் உதவும் மென்பொருள்) எஸ்டி-லிங்க் டாங்கிளும் (கணினியின் யுஎஸ்பியைச் சிப்போடு இணைக்கும் கருவி) வைத்து அதில் நிரல் ஏற்றுவது, ஒழுங்காக நடக்கும்போது சில விநாடி வேலை. நடக்காதபோது பெரும்பாலும் ஒரே வரிதான் வரும்: "இனிட் மோட் ஃபெயில்டு, அனேபிள் டு கனெக்ட் டு த டார்கெட்". வயர் கழன்றிருந்தாலும் அதே வரி. வயரெல்லாம் சரியாக இருந்து சிப் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாலும் அதே வரி. அதனால் செய்தியை விட்டுவிட்டு, கணினியில் தொடங்கி சிப் வரை ஒவ்வொரு இடமாகச் சோதித்துக்கொண்டு போவதுதான் வழி.

ஓபன்ஓசிடி நிறுவுவது, ஆர்ம் கம்பைலர் வைப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. உங்கள் டிஸ்ட்ரோவின் பேக்கேஜே போதும்.

1. கணினிக்கு டாங்கிள் தெரிகிறதா?

யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை கொடுங்கள். எஸ்டி-லிங்க் வி2 என்றால் 0483:3748 என்று ஒரு வரி வர வேண்டும். வராவிட்டால் யுஎஸ்பி போர்ட்டை மாற்றிப் பாருங்கள். வரி வந்தும் ஓபன்ஓசிடி "லிப்யுஎஸ்பி எரர் ஆக்சஸ்" என்று புலம்பினால் அது அனுமதிப் பிரச்சினை. உடனே சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்று சூடோவில் ஓட்டினால் நாளை எடிட்டரிலிருந்து டீபக் செய்யும்போது இதே தொல்லை திரும்ப வரும். ஓபன்ஓசிடியோடு 60 என்ற எண்ணில் தொடங்கும் ஒரு யுடெவ் விதிக் கோப்பு (எந்தச் சாதனத்துக்கு என்ன அனுமதி என்று லினக்ஸுக்குச் சொல்வது) வருகிறது. அதை யுடெவ் ரூல்ஸ் அடைவில் போட்டு, விதிகளை ரீலோட் செய்து, டாங்கிளை ஒருமுறை பிடுங்கிச் சொருகுங்கள். பிடுங்காமல் விட்டால் பழைய அனுமதியே நீடிக்கும்.

2. வயர்கள்

நான்கே நான்கு: 3.3 வோல்ட், கிரவுண்ட், எஸ்டபிள்யூடிஐஓ, எஸ்டபிள்யூசிஎல்கே. கடைசி இரண்டும் எஸ்டபிள்யூடி என்ற டீபக் இணைப்பின் டேட்டா, கடிகார வயர்கள். விலை குறைந்த நகல் டாங்கிள்களில் பின் வரிசை ஆளுக்கொரு மாதிரி இருக்கும். அலுமினிய உறையில் அச்சடித்திருப்பதும் உள்ளே போர்டில் இருப்பதும் பொருந்தாத டாங்கிள்களும் உண்டு. சந்தேகமாக இருந்தால் உறையை உருவிப் பாருங்கள், லேசாக இழுத்தாலே வந்துவிடும். போர்டில் அச்சாகியிருப்பதையே நம்புங்கள்.

ஓபன்ஓசிடி தொடங்கும்போது "டார்கெட் வோல்டேஜ்" என்று 3.2-ஐ ஒட்டி ஒரு எண் காட்டும். அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். நகல் டாங்கிள்கள் பலவும் தங்களுடைய சொந்த 3.3 வோல்ட்டைத்தான் அளக்கின்றன. ஒரு வயர்கூடச் செருகாமல் ஓட்டினாலும் அதே எண் வரும். மல்ட்டிமீட்டரை போர்டின் 3.3 பின்னில் வைத்துப் பார்ப்பதே உறுதியான சோதனை.

இன்னொன்று, மின்சாரம் ஒரே இடத்திலிருந்து வரட்டும். போர்டை யுஎஸ்பியிலும் செருகியிருந்தால் டாங்கிளின் 3.3 வயரைக் கழற்றிவிடுங்கள், மற்ற மூன்றும் இருக்கட்டும். நீளமான ஜம்பர் வயர் போட்டு இணைப்பு விட்டுவிட்டு வந்தால், அடாப்டர் வேகத்தை 1000 கிலோஹெர்ட்ஸிலிருந்து 480-க்கு இறக்குங்கள்.

3. "அன்எக்ஸ்பெக்டட் ஐடிகோட்" என்று வந்தால்

ரிட்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், ப்ளூ பில்லில் இருக்கும் சிப் அசல் எஸ்டிஎம்32எஃப்103 என்று சொல்வதற்கில்லை. அசலின் ஐடி எண் 1-இல் தொடங்கும். சிஎஸ்32 போன்ற நகல்களில் அது 2-இல் தொடங்கும், மீதி இலக்கங்கள் அப்படியே இருக்கும். வேறொரு எண்ணை எதிர்பார்க்கும் ஓபன்ஓசிடி அதோடு நின்றுவிடும். எதிர்பார்க்கும் ஐடியைச் சொல்லும் சிபியுடிஏபிஐடி என்ற மாறியை 0 என்று வைத்தால் சரியாகிவிடும். ஆனால் அந்த வரி டார்கெட் கோப்பின் (சிப்புக்கான ஓபன்ஓசிடி கான்ஃபிக் கோப்பு) பெயருக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போட்டால் பயனில்லை, அதற்குள் டார்கெட் கோப்பு தன் எண்ணை எடுத்துக்கொண்டிருக்கும்.

4. நேற்று வரை வேலை செய்தது, இன்று இல்லை

இதுதான் ஆளைச் சுற்றவிடும் இடம். முதல் முறை நிரல் அழகாக ஏறும், எல்ஈடி மினுக்கும். இரண்டாம் முறை ஏற்றப் போனால் இணைப்பே கிடைக்காது. போர்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எஸ்டபிள்யூடி வயர்கள் போய்ச் சேரும் பிஏ13, பிஏ14 இரண்டும் சாதாரண பின்களாகவும் வேலை செய்யக்கூடியவை. கியூப்எம்எக்ஸில் (தொடக்க நிரலை உருவாக்கித் தரும் எஸ்டி நிறுவனக் கருவி) எஃப்103 அடங்கும் எஃப்1 வரிசைச் சிப்புக்குப் புதிய ப்ராஜெக்ட் திறந்தால், எஸ்ஒய்எஸ் பகுதியில் டீபக் என்பது "நோ டீபக்" என்றே இருக்கும். அப்படியே கோட் உருவாக்கினால், தொடக்க நிரலிலேயே எஸ்டபிள்யூஜே-வை (எஸ்டபிள்யூடி அடங்கிய டீபக் போர்ட்) அணைக்கும் ஒரு வரி சேர்ந்துவிடும். சிப் விழித்ததும் முதலில் செய்வது நம் டாங்கிளைத் துண்டிப்பதுதான்.

மீட்க இரண்டு வழி. முதலாவது, ரீசெட்டில் பிடித்துவைத்தபடி இணைப்பது. ஓபன்ஓசிடியில் அதற்கு "கனெக்ட் அசெர்ட் எஸ்ஆர்எஸ்டி" என்ற அமைப்பு இருக்கிறது. ஆனால் டாங்கிளின் ஆர்எஸ்டி பின்னிலிருந்து போர்டின் ரீசெட்டுக்கு வயர் போட்ட பிறகும் பலருக்கு ஒன்றும் நடப்பதில்லை. நகல் டாங்கிள்கள் பலவற்றில் அந்தப் பின் எஸ்டிஎம்8 என்ற வேறு வகைச் சிப்களுக்கானது. எஸ்டிஎம்32-க்கான ரீசெட் வெளியே வருவதே இல்லை. ரீசெட் கட்டளை கொடுக்கும்போது அந்தப் பின்னில் வோல்டேஜ் சுழிக்கு இறங்குகிறதா என்று மீட்டரில் பாருங்கள். இறங்கவில்லை என்றால் அமைப்பை எத்தனை மாற்றியும் பலனில்லை. ரீசெட் பொத்தானை விரலால் அழுத்திக்கொண்டே கட்டளை கொடுத்துச் சரியான கணத்தில் விடுவதும் நடக்கும், ஆனால் பொறுமை வேண்டும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. போர்டில் இருக்கும் பூட்0 ஜம்பரை 1-க்கு மாற்றி ரீசெட் அழுத்துங்கள். இப்போது உங்கள் நிரல் ஓடாது; சிப்புக்குள் தொழிற்சாலையிலேயே வைத்த பூட்லோடர் ஓடும். அது எஸ்டபிள்யூடியைத் தொடாது. எந்த டாங்கிளாக இருந்தாலும் இணைப்பு கிடைக்கும். ஹால்ட் கொடுத்து (சிப்பை நிறுத்தி), மாஸ் எரேஸ் செய்து (ஃபிளாஷ் முழுவதையும் அழித்து), ஜம்பரை 0-க்குத் திருப்பி ரீசெட் அழுத்துங்கள். பிறகு கியூப்எம்எக்ஸில் "சீரியல் வயர்" என்று மாற்றிக் கோடை மறுபடி உருவாக்குங்கள். இதை விட்டுவிட்டுப் பழைய கோப்பையே ஏற்றினால் அடுத்த முறை மறுபடி ஜம்பரைத் தேட வேண்டியதுதான்.

5. ஜிடிபி

இணைப்பு கிடைத்த பிறகு நிரலை வரி வரியாக ஓட்டிப் பிழை தேட ஜிடிபி என்ற டீபக்கர் உதவும். உபுண்டுவில் ஆர்முக்கென்று (இந்த சிப்பின் ப்ராசசர் வகை) தனி ஜிடிபி தேட வேண்டாம், ஜிடிபி-மல்ட்டிஆர்ச் போதும். ஓபன்ஓசிடியின் 3333 போர்ட்டில் இணைத்து, "மானிட்டர் ரீசெட் ஹால்ட்", அப்புறம் "லோட்". பிரேக்பாயின்ட் (நிரலை நிறுத்தும் இடம்) வைக்க முடியவில்லை என்று வந்தால் எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஃபிளாஷில் ஓடும் நிரலுக்கு இந்த சிப் தருவது ஆறு வன்பொருள் பிரேக்பாயின்ட்கள்தான். வரிகள் முன்னும் பின்னும் தாவினால் கம்பைலரின் ஆப்டிமைசேஷனை "ஓஜி" என்று வையுங்கள்.

வெறுமனே ஃபிளாஷ் செய்ய மட்டும் எஸ்டி-ஃபிளாஷ் என்ற கட்டளை எளிது. டீபக்குக்கு நான் ஓபன்ஓசிடியை விடமாட்டேன். காசு இருந்தால் எஸ்டி-லிங்க்குக்குப் பதிலாக பிளாக் மேஜிக் ப்ரோப் என்ற டாங்கிளைப் பாருங்கள். ஜிடிபி சர்வர் அதற்குள்ளேயே இருப்பதால் மேலே சொன்ன கான்ஃபிக் கோப்புச் சண்டை பாதி குறையும்.

பின்சேர்க்கை: எஸ்டபிள்யூடியை அணைக்காத நிரலிலும் இணைப்பு போகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஸ்டாப், ஸ்டாண்ட்பை போன்ற தூக்க நிலைகளைப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். சிப் தூங்கும்போது டீபக் கடிகாரமும் நின்றுவிடும். மீட்பதற்கு அதே பூட்0 வழிதான். மறுபடி வராமலிருக்க, நிரலின் தொடக்கத்தில் டிபிஜிஎம்சியு என்ற டீபக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் ஸ்லீப், ஸ்டாப், ஸ்டாண்ட்பை மூன்றுக்குமான டீபக் பிட்களை 1 ஆக்குங்கள். பேட்டரியில் ஓடப்போகும் இறுதிப் பதிப்பில் அவற்றை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கத்திலும் மின்சாரம் குறையாது.