மாலை போட்ட தாத்தா படம் கெடாமலிருக்க

தாத்தா படத்தைப் பெரும்பாலும் கெடுப்பது நம் பாசம்தான். ஈர மாலையிலிருந்தும் சந்தனப் பொட்டிலிருந்தும் வடியும் நீர் சட்டத்துக்குள் இறங்கி, படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்துவிடும். ஒட்டியதைப் பிய்க்கவே பிய்க்காதீர்கள். மேல்படலம் உரிந்து முகமே போய்விடும். கண்ணாடியோடு ஸ்கேனரில் கவிழ்த்து 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்கள். ஒட்டி வைத்ததை மட்டுமே தெளிவாகப் பிடிக்கும் மெலிந்த சிஐஎஸ் ஸ்கேனர் என்றால் கண்ணாடித் தடிமனால் மங்கும்; லென்ஸ் வைத்த, சற்றுத் தடித்த சிசிடி வகைதான் சரி. 4x6 அங்குலப் படத்தை இப்படி எடுத்தால் 8x12 வரை தெளிவாக அச்சிடலாம்.

சுவருக்கு நகல் போதும், மூலம் பீரோவுக்கு. புதுச் சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் மவுண்ட் அட்டை (படம் தெரிய நடுவே வெட்டிய ஓர அட்டை) வைக்கச் சொல்லுங்கள். குளியலறையை ஒட்டிய சுவர் வேண்டாம். பின்பக்கம் பெயர், ஊர், ஆண்டு எழுத மென்மையான பென்சில். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் விழவைக்கும்.