அடியைப் புடிச்சு ஃபிக்ஸ் பண்ணாதீங்க: லேயர் மெட்டீரியல் தெர்மல் ஸ்ட்ரெஸ்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேற வேற பொருளை லேயரா ஒட்டின மாடலை கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல சூடாக்கி, உள்ள எவ்வளவு ஸ்ட்ரெஸ் வருதுன்னு பாக்குறதைப் பத்தித்தான் இது. யூனிட் மாறிப்போறது, மெஷ் (மாடலைப் பிரிக்கிற சின்னச் சின்னக் கட்டம்) பெருசா இருக்கிறது எல்லாம் நான் சொல்லப் போறதில்ல, அது தானா புடிபடும். கண்டிப் பக்கம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ணுற தம்பி தங்கச்சிமாருக்கு உதவிக்குப் போனா வருஷா வருஷம் பவுண்டரி கண்டிஷன்லதான், அதாவது மாடலை எங்க எப்படிப் புடிக்கிறோம்ங்கிறதுலதான் கூத்து, எங்க பேட்ச் அடிச்ச அதே கூத்து.

அடி முகத்துக்கு ஃபிக்ஸ்ட் சப்போர்ட்

இதுக்குத்தான் எனக்கு இன்னும் கோவம் வரும். மாடலை எங்கயும் புடிக்காம ரன் பண்ணினா கணக்குப் போடுற சால்வர் 'ரிஜிட் பாடி மோஷன்'னு, அதாவது மாடல் முழுசா நழுவி ஓடுதுன்னு கத்தும், உடனே பதறிப்போய் அடி முகம் மொத்தத்தையும் செலக்ட் பண்ணி ஃபிக்ஸ் பண்ணிருவாங்க, எரர் போயிரும், கலர் படமும் வந்துரும், ரிப்போர்ட்டும் எழுதியாச்சு.

இஸ்திரிப் பெட்டி தெர்மோஸ்டாட்ல ரெண்டு உலோகத்தை ஒட்டின பட்டி இருக்குல்ல, சூடானா வளையும், அந்த வளைவுக்கு பொறியியலாளர் டிமோஷென்கோ 1925லயே கணக்கு போட்டுட்டாரு. அந்தப் பட்டியோட அடியை முழுசா ஃபிக்ஸ் பண்ணினா அது எங்க வளையும்? லேயர் ரெண்டும் ஒன்னை ஒன்னு இழுக்கிறதுதான் நமக்கு வேணும், ஆனா இப்ப ரெண்டும் அசையாத தரையோட மல்லுக்கட்டுது.

ஒரு தம்பி அலுமினியத் தகட்டு மேல செராமிக் லேயர் வச்சு வெப்பநிலையை 80 டிகிரி ஏத்தி, அலுமினியத்துல கிட்டத்தட்ட 190 மெகாபாஸ்கல் வருதுன்னு சந்தோஷமா காட்டினாரு. செராமிக்க எடுத்துட்டு வெறும் தகட்டை ரன் பண்ணுங்கன்னேன். அப்பவும் அதே 190. அலுமினியத்தோட விறைப்பு (யங் குணகம்) 70 கிகாபாஸ்கல், டிகிரிக்கு 23 மைக்ரோ விரிவு, 80 டிகிரி, மூனையும் பெருக்கி 0.67ஆல (ஒன்னுல இருந்து பாய்சன் விகிதம் 0.33ஐக் கழிச்சது) வகுத்துப் பாருங்க, அதேதான் வரும். சும்மா மேசையில கிடக்கிற தகட்டை ஒரே சீரா சூடாக்கினா ஸ்ட்ரெஸ் பூஜ்யம். அப்ப அவர் காட்டினது லேயரோட ஸ்ட்ரெஸ் இல்ல, ஃபிக்ஸ்ட் சப்போர்ட்டோட ஸ்ட்ரெஸ். அதுக்குள்ள செராமிக் தடிப்பை மாத்தி மாத்தி ராவு முழுக்க ரன் பண்ணியாச்சு, நடுவுல கரண்ட் வேற போயிருக்கு.

மூனு மூலை போதும். முதல் மூலையில எக்ஸ், வை, இசட் மூனும். எக்ஸ் வழியா போனா வர்ற மூலையில வை, இசட். வை வழியா போற மூலையில இசட் மட்டும். மாடல் ஓடாது, ஆனா தாராளமா விரியும் வளையும். நெசமாவே போல்ட் போட்டிருந்தா போல்ட் இருக்கிற இடத்துல மட்டும் புடிங்க.

மூனு மூலை புடிச்ச மாடல்ல எல்லா லேயருக்கும் ஒரே விரிவுக் குணகம் (டிகிரிக்கு எவ்வளவு விரியுதுங்கிற நம்பர்) குடுத்து, ஒரே சீரா சூடாக்கி ஒருக்கா ரன் பண்ணுங்க, ஸ்ட்ரெஸ்ஸும் ரியாக்‌ஷன் ஃபோர்ஸும் (புடிச்ச இடம் திருப்பித் தள்ளுற விசை) பூஜ்யத்துக்குக் கிட்ட வரணும். வரலைன்னா எனக்குக் கலர் படம் அனுப்பாதீங்க.

ஸ்ட்ரெஸ் இல்லாத வெப்பநிலை

எந்த வெப்பநிலையில ஸ்ட்ரெஸ் பூஜ்யம்னு சாஃப்ட்வேருக்கு நாமதான் சொல்லணும். அன்சிஸ்ங்கிற சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல டீஃபால்ட் 22 டிகிரி, யாரும் தொடுறதே இல்ல. 120 டிகிரியில க்யூர் பண்ணின (சூட்டுல இறுக வச்ச) எபொக்சி லாமினேட் நுவரெலியா விடியக்காலைல 10 டிகிரிக்கு வந்தா மாற்றம் 110, நீங்க குடுத்தது வெறும் 12. க்யூர் ஆகும்போது எபொக்சி சுருங்குறது வேற இருக்கு, அதைப் பேசினா இன்னைக்கு முடியாது.

கால்வாசி மாடல்

நேரம் மிச்சம் பண்ண மாடலை நாலா வெட்டி ஒரு கால்வாசிய மட்டும் ரன் பண்ணுவாங்க. அதுக்கு ஷேப் சமச்சீரா இருந்தா மட்டும் பத்தாது, உள்ள இருக்கிற மெட்டீரியலும் சமச்சீரா இருக்கணும். 45 டிகிரி சாய்ச்சு அடுக்கின ஃபைபருக்கு வெட்டாதீங்க.

டூ-டி ப்ளேன் ஸ்ட்ரெய்ன்

வெட்டுமுகத்தை மட்டும் டூ-டியா வரைஞ்சு ப்ளேன் ஸ்ட்ரெய்ன் போட்டா, படத்துக்குச் செங்குத்தான பக்கம் விரிய விடாது, இல்லாத ஸ்ட்ரெஸ் வரும். அந்தப் பக்கமும் விரிய விடுற ஜெனரலைஸ்டு ப்ளேன் ஸ்ட்ரெய்ன் போடுங்க.

லேயர் சேருற ஓரம்

மெஷ்ஷை சின்னதாக்க ஆக்க அங்க ஸ்ட்ரெஸ் நம்பர் ஏறிக்கிட்டே போகும், ஒரு இடத்துல நிக்காது. அந்த உச்ச நம்பரை ரிப்போர்ட்ல போடாதீங்க.