குளிர் காலையில் டீசல் டிராக்டரை ஸ்டார்ட் செய்வது எப்படி?

கடுங்குளிர் காலை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் முக்கி முனகிச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. புதிதாக ஓட்டுபவர்கள் அப்போது சாவியை விடாமல் திருப்பியே வைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் பேட்டரியை இறக்கிவிட்டு விழித்திருக்கிறேன்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றைச் சுமார் 16 முதல் 20 மடங்கு வரை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் காற்று கொதிக்கிறது, அதில் பீய்ச்சிய டீசல் தானாகப் பற்றுகிறது. இன்ஜின் சில்லிட்டிருந்தால் அந்தச் சூட்டை இரும்பே குடித்துவிடும். ஆயிலும் கெட்டியாகிவிடுவதால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், சூடு ஏறாது. போதாததற்கு, மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

முதல் நாள் மாலையே

பாதி வேலை இங்கேதான். டேங்கை நிரப்பி வையுங்கள். காலி இடத்தில் ஈரம் படிந்து டீசலில் தண்ணீர் சேரும். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். கடுங்குளிரில் சாதாரண டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும், அதனால் குளிர்கால டீசல் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள். இன்ஜின் ஆயிலிலும் 15டபிள்யூ-40 ரகத்தை விட 5டபிள்யூ-40 ரகம் குளிரில் சுலபமாக ஓடும். உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று கையேட்டில் பாருங்கள். பிளாக் ஹீட்டர் (இன்ஜினைச் சூடாக்கும் மின் ஹீட்டர்) இருந்தால் ஸ்டார்ட் செய்வதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். அதற்கு ஈடான உதவி வேறில்லை.

காலையில்

ஆயில் அளவையும் பேட்டரி டெர்மினல்களையும் பாருங்கள். வெள்ளைப் பூ பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். அப்புறம் சீட்டில் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பிடிஓவை (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) அணைத்துவிடுங்கள். இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் நாப் உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். அதை மறந்துவிட்டு அரை மணி நேரம் செல்ஃப் அடித்தவர்கள் உண்டு!

கை ஆக்சிலேட்டரை மூன்றில் ஒரு பங்கு திறந்துகொள்ளுங்கள். ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் பிளக்) உள்ள வண்டி என்றால் சாவியை ஹீட் நிலையில் வைத்து விளக்கு அணையும் வரை பொறுங்கள். விளக்கு இல்லாத பழைய வண்டிகளில் 15, 20 வினாடி ஆகும்.

இப்போது கிளட்சை அடிவரை மிதியுங்கள். கியர் பெட்டி ஆயிலும் கெட்டியாகத்தானே இருக்கும், அதையும் சேர்த்துச் சுற்றும் சுமையைச் செல்ஃப் மோட்டாருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? மிதித்தபடியே 10 வினாடி செல்ஃப் அடியுங்கள். பிடிக்கவில்லையா, விட்டுவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். மோட்டார் ஆறும், பேட்டரியும் கொஞ்சம் மீளும். திரும்ப ஹீட் கொடுத்து, திரும்ப அடியுங்கள்.

சைலன்சரையும் கவனியுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, சூடுதான் போதவில்லை. இன்னும் கொஞ்சம் ஹீட் கொடுங்கள். புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை: ஃபில்டர் அடைத்திருக்கலாம், லைனில் ஏர் பிடித்திருக்கலாம். அப்போது எவ்வளவு செல்ஃப் அடித்தும் பயனில்லை.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்பிரே (ஸ்டார்ட் ஆக உதவும், எளிதில் பற்றும் ஸ்பிரே) அடிக்கவே கூடாது. பழுத்த பிளக்கில் பட்டு வெடித்து பிஸ்டனையே உடைக்கலாம். ஆயில் சம்ப்புக்கு (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் நெருப்பு மூட்டாதீர்கள். கீழே நின்று ஸ்க்ரூடிரைவரால் செல்ஃப் மோட்டாரை ஷார்ட் செய்வது எல்லாவற்றையும் விட மோசம். வண்டி கியரில் இருந்தால் நின்றவர் மேலேயே ஏறிவிடும், அப்படி உயிர் போயிருக்கிறது. இறங்கிய பேட்டரி உறைந்திருந்தால் ஜம்ப் கேபிளும் போடக் கூடாது.

பிடித்த பிறகு

ஆயில் பிரஷர் விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். சரி, அணைந்துவிட்டது என்றால் கிளட்சை மெதுவாக விட்டு, 1000 ஆர்பிஎம்முக்குக் கொஞ்சம் மேலே வைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். முறுக்கக் கூடாது, குறிப்பாக டர்போ வண்டியை. ஷெட்டுக்குள் என்றால் கதவைத் திறந்து வையுங்கள், புகை விஷம். ஹைட்ராலிக் கடைசியாகத்தான் இளகும். லிஃப்டை இரண்டு மூன்று முறை மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்து, தடங்கலில்லாமல் நகர்ந்த பிறகு சுமையை மாட்டுங்கள்.