வெந்நீர்த் தொட்டி சூடாகும்போது பாய்லர் பற்றிப் பற்றி அணைகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வீட்டு அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஓடும்போது எரிவாயு பாய்லர் ஒழுங்காக எரிகிறது, வெந்நீர்த் தொட்டியைச் சூடாக்கும்போது மட்டும் இரண்டு நிமிடம் எரிந்து அணைகிறது, மறுபடி பற்றுகிறது, மறுபடி அணைகிறது. உடனே பாய்லர்தான் கெட்டுவிட்டது என்று அதன் மின்னணு போர்டை மாற்றுவதும் சென்சாரை மாற்றுவதும்தான் முதல் தவறு. பெரும்பாலும் பாய்லர் மேல் குற்றமே இருக்காது. அது உண்டாக்கும் சூட்டைத் தொட்டிக்குள் இருக்கும் சுருள்குழாய் வாங்கிக்கொள்ளவில்லை, அதனால் பாய்லருக்கும் சுருளுக்கும் இடையே சுற்றும் நீர் மளமளவென்று சூடேறி, நாம் வைத்த அளவைத் தொட்டதும் பர்னர் (தீ எரியும் பகுதி) அணைகிறது.

பணம் செலவழிக்கும் முன் அளந்து பாருங்கள். தொட்டிக்குப் போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் தலா ஒரு தெர்மாமீட்டரை மாட்டுங்கள். போவது 75 டிகிரி, திரும்புவது 71, தொட்டித் தண்ணீரோ இன்னும் வெதுவெதுப்பு என்றால், சுருள்குழாய் மேல் சுண்ணாம்பு படிந்து சூட்டைத் தடுக்கிறது, அல்லது அந்தப் பாய்லருக்கு அது சின்னது. போவது சட்டென்று ஏறியும் திரும்புவது ஆறியே வந்தால் நீரோட்டம் போதவில்லை: காற்று அடைத்திருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கலாம், தொட்டிக்கு நீரைத் திறந்துவிடும் மோட்டார் வால்வு பாதிதான் திறந்திருக்கலாம். அப்புறம், திரும்பும் குழாயைப் பாய்லர் பக்கத்திலும் ஒரு முறை அளங்கள். தொட்டியருகே 50, பாய்லரருகே 68 என்றால், சூடான நீர் தொட்டிப் பக்கமே போகாமல் பைபாஸ் வால்வு (போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் இணைக்கும் குறுக்குவழி) வழியாக ஓடித் திரும்புகிறது. இதைப் பலரும் பார்ப்பதே இல்லை.

அடுத்தது, எரிவாயுவை மிச்சம் பிடிக்கிறேன் என்று பாய்லரை 60 டிகிரியில் வைத்துவிட்டு, தொட்டி தெர்மோஸ்டாட்டையும் 60-இலேயே வைப்பது. ரேடியேட்டருக்கு வெப்பத்தைக் குறைப்பது நல்லதுதான், கண்டென்சிங் பாய்லருக்கு (புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் மீட்கும் வகை) திரும்பும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அதன் பலன் கிடைக்கும். ஆனால் சுருள்குழாய் சூட்டைக் கடத்துவது இரு பக்க வெப்ப வித்தியாசத்தால். வித்தியாசம் சுருங்கச் சுருங்கக் கடத்தலும் சுருங்கும், கடைசிச் சில டிகிரி ஏறவே ஏறாது, பாய்லர் மட்டும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருக்கும். பாய்லரிலிருந்து வரும் நீர் தொட்டி அளவைவிட 10 முதல் 15 டிகிரியாவது கூடுதலாக இருக்கட்டும். அதற்காகத் தொட்டியை 45-க்கு இறக்கிவிடாதீர்கள். 20 முதல் 45 டிகிரி வரை நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும் சூடு, அதில் தண்ணீரைத் தேக்கி வைப்பது ஆபத்து.

பெரிய பாய்லர் சீக்கிரம் சூடாக்கும் என்று நம்புவதும் தவறு. 150 லிட்டரை 15-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 7.8 கிலோவாட் மணி வேண்டும். சுருள்குழாய் 12 கிலோவாட்தான் வாங்கும் என்றால் எப்படியும் 40 நிமிடத்தை ஒட்டி ஆகும், 30 கிலோவாட் பாய்லர் வைத்தாலும் மிச்சச் சூட்டுக்குப் போக இடமில்லை. நீரோட்டமும் இதே கணக்குதான்: நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடி 20 டிகிரி இறங்கினால் 14 கிலோவாட் போய்ச் சேரும், 5 லிட்டர்தான் ஓடுகிறது என்றால் 7. பாய்லர் தணிந்து எரியக்கூடிய குறைந்தபட்ச அளவே அதைவிட அதிகமாக இருந்தால் அணைவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. வெந்நீருக்காக எரியும்போது பாய்லரின் உச்சத் திறனைக் (கிலோவாட்டை) குறைக்கும் வசதி பல பாய்லர்களில் உண்டு, டெக்னீஷியனிடம் கேளுங்கள்.

தொட்டி நிறையச் சூடேறிய கடைசிக் கட்டத்தில் ஓரிரு முறை அணைந்து பற்றுவது இயல்பு, அதற்குப் பதற வேண்டாம். தொட்டி குளிர்ந்திருக்கும்போதே அப்படி ஆனால்தான் கவலை. ஒவ்வொரு முறை பற்றுவதற்கு முன்பும் விசிறி உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது, பற்றவைக்கும் முனையும் தேய்கிறது. பர்னர் மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். எத்தனை நிமிடம் எரிந்தது, எத்தனை நிமிடம் நின்றது, அப்போது இரண்டு குழாயும் எத்தனை டிகிரி என்று ஒரு தாளில் எழுதி, வருகிற டெக்னீஷியன் கையில் கொடுங்கள்.