ஊருக்குக் கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

2020 கொரோனா ஊரடங்கில் தமிழ்நாட்டில் மாவட்டம் தாண்ட இ-பாஸ், அதாவது அரசு இணையத்தில் கொடுத்த அனுமதிச் சீட்டு, வேண்டியிருந்தது. முதலில் திருமணம், இறப்பு, அவசர மருத்துவம் போன்ற காரணங்களுக்குத்தான் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைத்தது. பாஸ் கிடைத்துவிட்டால் போகலாம் என்று அர்த்தமில்லை. மறுபடி அப்படி ஒரு காலம் வந்தால், முதலில் போகிற வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரை, எழுபது தாண்டியவர். கொரோனா தொற்றினால் அறிகுறி தெரிய 14 நாள் வரை ஆகலாம். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே நம்மிடமிருந்து பரவலாம். பரிசோதனையில் வந்த ஒரு நெகட்டிவ் முடிவை மட்டும் நம்பி அம்மா பக்கத்தில் உட்கார முடியுமா? தனி அறை இருந்தால் போங்கள். இல்லையென்றால் வீடியோ காலில் பேசுங்கள்.

திருமணம், காதுகுத்து எல்லாம் தள்ளிப்போடலாம்.

சாவு வேறு. பெற்றவர் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதை யாரும் தடுக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனால் சொந்தக்காரர்களோடு வேனில் நெருக்கியடித்துப் போகாதீர்கள். தனி வண்டியில், கண்ணாடியை இறக்கிவிட்டுப் போங்கள். நம் பெண்கள் கட்டிப்பிடித்துத்தான் அழுவார்கள். அதை மட்டும் விடச் சொல்லி வீட்டில் முன்பே போனில் பேசிவிடுங்கள். வாசல் பந்தலிலேயே நில்லுங்கள், முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். அங்கே சாப்பிடாமல் அன்றைக்கே திரும்பிவிடுங்கள்.