கனடா அகதி வாரியத்துக்குப் புகார் எழுதுவது எப்படி

கனடாவில் மகனுக்கோ தம்பிக்கோ அகதி வழக்கு நடக்கிறது, விசாரித்த மெம்பர் (வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் வாரிய உறுப்பினர்) ரொம்ப மோசம், அவர் மேல் ஒரு பெட்டிஷன் போட வேண்டும் என்று காவாங்கரை முகாமில் இருந்தும் செங்குன்றம் பக்கத்தில் இருந்தும் என் கடைக்கு டைப் அடிக்க வருகிறார்கள். நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். தீர்ப்பும் அதற்கான காரணங்களும் எழுத்தில் வழக்குக்காரர் கைக்கு என்றைக்கு வந்தன? பதில் தெரியாமல் ஒரு வரிகூட அடிப்பதில்லை. ஏனென்றால் அகதிகள் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு நோட்டீஸ் கொடுக்க அன்றிலிருந்து 15 நாள்தான். அந்தப் பிரிவுக்குப் போக முடியாத வழக்குகளும் உண்டு, அமெரிக்காவில் இருந்து தரைவழியாக வந்து, கனடா-அமெரிக்கா பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒப்பந்தத்தின் விதிவிலக்கில் உள்ளே விடப்பட்டவர்கள் அதில் ஒரு வகை. அவர்கள் நேரே ஃபெடரல் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அதற்கும் 15 நாள்தான். புகார் கொடுத்தாச்சு, பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் இந்தக் கெடு தாண்டிவிடும். புகார் தீர்ப்பை மாற்றாது, நாடுகடத்தலையும் நிறுத்தாது. அப்பீலுக்கு லாயரைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் புகாரைப் பேசலாம்.

அடுத்தது, யார் மேல் கோபம் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐ.ஆர்.பி. என்று எல்லோரும் சொல்லும் குடிவரவு, அகதிகள் வாரியம் 1989ல் வந்தது. அகதி என்று கேட்டு வருகிறவரின் பேச்சை நேரில் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்று 1985ல் சிங் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னதன் விளைவு அது. வாரியம் ஒரு தீர்ப்பாயம், விசா கொடுக்கிற இலாகா இல்லை. விசா தாமதம், வொர்க் பெர்மிட் வரவில்லை என்பதெல்லாம் ஐ.ஆர்.சி.சி. என்கிற குடிவரவு இலாகாவின் சமாச்சாரம். ஏர்போர்ட்டில் மிரட்டினார்கள், தடுப்புக் காவலில் சாப்பாடு சரியில்லை என்றால் அது எல்லைச் சேவை முகமை, சி.பி.எஸ்.ஏ. இவற்றையெல்லாம் வாரியத்துக்கு எழுதினால் எங்கள் இலாகா இல்லை என்றுதான் பதில் வரும்.

வாரியம் எடுத்துக்கொள்வது மெம்பரின் நடத்தை பற்றிய புகாரை. அவர்களுக்கென்று ஒரு நடத்தை விதித்தொகுப்பு இருக்கிறது, இணையதளத்தில் யாரும் படிக்கலாம். கேலி செய்தது, கத்தியது, சாதி மதம் இனம் பற்றிக் குத்தலாகப் பேசியது, பாலியல் வன்முறையைச் சொல்லும் பெண்ணிடம் கூசும்படி நடந்துகொண்டது இதெல்லாம் நடத்தை. 'என் சாட்சியத்தை நம்பவில்லை', 'நான் கொடுத்த பேப்பரைக் கணக்கில் எடுக்கவில்லை' இதெல்லாம் தீர்ப்பு, அப்பீலில் பேச வேண்டியது. நம் ஆட்கள் தடுமாறும் இன்னொரு இடம், அங்கே பெரும்பாலும் மெம்பரேதான் முதலில் கேள்வி கேட்பார். நம்மூர் கோர்ட்டில் ஜட்ஜ் பாதி நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது குறுக்கு விசாரணை மாதிரி இருக்கும். துருவித் துருவிக் கேட்டார் என்பது மட்டும் புகார் ஆகாது.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன். வாரியமே இலவசமாக ஏற்பாடு செய்வார்கள், ஆனால் யாழ்ப்பாணத்துக்காரருக்கு நம்மூர்த் தமிழ் பேசுகிறவர் வந்து உட்காரலாம், மன்னார்க்காரர் சொன்னது அவருக்குப் பிடிபடாமல் போகலாம். புரியவில்லை என்றால் அந்த நிமிஷமே, விசாரணை நடக்கும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அது ரெக்கார்டில் ஏற வேண்டும். அப்போது பேசாமல் தோற்ற பிறகு சொன்னால் எடுபடுவது கஷ்டம், 2001ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முகமதியான் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மெம்பர் ஒருதலையாக நடக்கிறார் என்பதும் அப்படியே, முதல் வாய்ப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு இருப்பது இந்த ஒரு இடத்தில் வேண்டாம் அண்ணே.

இனி எழுதுவது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்கட்டும். 'சமூகம் உயர்திரு', 'தாங்கள் கருணை கூர்ந்து', 'ஏழை அபலை' எதுவும் தேவையில்லை. வழக்கு எண், மெம்பர் பெயர், விசாரணைத் தேதி, நேரிலா டீம்ஸ் வீடியோவிலா என்பது, கூட யார் இருந்தார்கள், அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள், இவ்வளவு போதும். 'என்னை அவமானப்படுத்தினார்' என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. 'காலை இடைவேளைக்குப் பிறகு, அப்பா காணாமல் போனதை நான் சொல்லும்போது சிரித்தார், எல்லோரும் இதே கதையைத்தான் சொல்கிறீர்கள் என்றார், என் லாயர் ஆட்சேபித்தார்' என்று எழுதினால் அவர்களால் சரிபார்க்க முடியும். ஏனென்றால் விசாரணை முழுக்க ஒலிப்பதிவு ஆகிறது. அந்தப் பதிவின் பிரதியைச் சம்பந்தப்பட்டவர் கேட்டு வாங்கலாம், முதலில் அதை வாங்கிக் கேளுங்கள், எந்த மணி எந்த நிமிஷம் என்று குறித்துக்கொண்டு அப்புறம் எழுதுங்கள். ஞாபகத்தில் பெரிதாக இருந்தது பதிவில் சாதாரணமாக இருப்பதும் உண்டு, நேர்மாறாகவும் உண்டு. இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம்.

நகல் போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். நம்மூரில் ரேஷன் கார்டுக்கு மனு எழுதினாலும் முதல்வர் தனிப்பிரிவு, கலெக்டர், பிரதமர் என்று வரிசையாக நகல் போடுவோம். அகதி வழக்கு ரகசியமாக நடப்பது, அதை நாமே ஊருக்குச் சொல்லக் கூடாது. அதிலும் எந்த நாட்டுக்குப் பயந்து ஓடினாரோ அந்த நாட்டின் தூதரகத்துக்கு ஒரு வரி போனால்கூட ஆபத்துதான். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ எடுத்துப் போடுவதும் இதே கணக்கு.

கையெழுத்து வழக்குக்காரருடையதாக இருக்கட்டும், அல்லது அவர் எழுத்தில் அனுமதி கொடுத்தவருடையதாக. சென்னையில் இருக்கும் அம்மாவோ அக்காவோ நேரே அனுப்புவதைவிட அது மேல். புகாருக்குக் கட்டணம் கிடையாது. எந்த முகவரிக்கு, எந்த மின்னஞ்சலுக்கு என்பது வாரியத்தின் இணையதளத்தில் மெம்பர்கள் மீதான புகார் பக்கத்தில் இருக்கிறது, அனுப்புகிற அன்றைக்கே திறந்து பாருங்கள், பழைய பேப்பரில் இருக்கும் விலாசத்தை நம்ப வேண்டாம். புகார் அந்த மெம்பருக்குக் காட்டப்பட்டு அவர் பக்கமும் கேட்கப்படும், இது தெரிந்தே எழுதுங்கள்.

அப்பீலுக்கு இங்கிருந்து வாக்குமூலம் அனுப்பச் சொன்னால், பாரீஸ் கார்னரில் ஐகோர்ட் பக்கம் நோட்டரி கிடைப்பார்கள். தமிழில் எழுதியதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், 'இது சரியான மொழிபெயர்ப்பு' என்று மொழிபெயர்த்தவர் தன் பெயரோடு கையெழுத்திட்ட உறுதிமொழியும் சேர்த்தே போக வேண்டும்.

கெடுத்தது மெம்பர் இல்லை, நாம் வைத்த லாயரோ கன்சல்டன்டோதான் என்றால் போகும் இடம் வேறு. ஒன்டாரியோ லாயர், பாராலீகல் என்றால் அவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் லா சொசைட்டி ஆஃப் ஒன்டாரியோ. கன்சல்டன்ட் என்றால் 2021 நவம்பரில் தொடங்கிய குடிவரவு, குடியுரிமை ஆலோசகர்கள் கல்லூரி (பாடம் நடத்தும் கல்லூரி இல்லை, கன்சல்டன்ட்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அமைப்பு), அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று அதன் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பாருங்கள், பல பேருக்கு அங்கேயே விஷயம் புரிந்துவிடும். பழைய லாயரின் தவறால்தான் தோற்றோம் என்று அப்பீலில் சொல்வதானால் அவருக்கு முன்கூட்டியே தெரிவித்துப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும், புது லாயரிடம் இதை மறக்காமல் கேளுங்கள். பாரிமுனையில் பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றிய ஏஜென்ட் விவகாரத்தில் கனடா வாரியத்துக்கு எழுதிப் பிரயோஜனமில்லை. ஜிபே ஸ்கிரீன்ஷாட், ரசீது, பேசிய மெசேஜ் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் கொடுங்கள்.