எலிமெண்ட் எக்ஸ்ல முதல் அக்கவுண்ட்: எந்த இடத்துல மாட்டுவீங்க, ஏன் மாட்டுவீங்க

வாட்ஸப் தவிர வேற ஏதாச்சும் சொல்லுங்கன்னு கேக்குறவங்ககிட்ட நான் மேட்ரிக்ஸைத்தான் சொல்வேன், ஆனா பேர மட்டும் சொல்லிட்டு விட்டா பாதிப் பேர் ரெண்டாவது ஸ்க்ரீன்லயே குழம்பி ஆப்ப தூக்கிடுறாங்க, அதுல எனக்கு ரொம்ப வருத்தம். குழப்பம் உங்ககிட்ட இல்ல. உள்ள இருக்க டிசைன் ஒவ்வொரு இடத்துலயும் ஒரு கேள்வியா வெளிய வந்து நிக்குது, அந்தக் கேள்வி எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சுட்டா தாண்டிப் போறது சுலபம்.

மேட்ரிக்ஸ்ங்கிறது ஆப் இல்ல, சர்வருங்க, அதாவது நம்ம மெசேஜ வாங்கி அனுப்புற கம்ப்யூட்டருங்க, ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற பொது விதிமுறை (ப்ரோட்டோகால்), 2014ல ஆரம்பிச்சது. ஜிமெயில்ல இருக்கவர் யாஹூல இருக்கவருக்கு மெயில் போடுறார்ல, அதே கதைதான். பிரான்ஸ் அரசாங்கம் தன் ஊழியர்களுக்காக 2019ல கொண்டு வந்த சாட் ஆப்பும் இது மேலதான் ஓடுது. நாம கையில பிடிக்கப் போற ஆப்போட பேரு எலிமெண்ட் எக்ஸ். ப்ளே ஸ்டோர்லயோ ஆப் ஸ்டோர்லயோ தேடி போட்டுக்கோங்க.

முதல் படி, சர்வர்

ஆப்ப திறந்து அக்கவுண்ட் உருவாக்கப் போனா எந்த சர்வர்னு ஒரு இடம் வரும், மேட்ரிக்ஸ்.ஆர்க்னு ஏற்கனவே போட்டிருக்கும். இப்போதைக்கு அத மாத்தாதீங்க. ஒரே கம்பெனி கையில எல்லாரும் மாட்டக் கூடாதுன்னுதான் இந்தத் தேர்வே இருக்கு, ஆனா இன்னும் ஒரு மெசேஜ் கூட போடாத ஆளுகிட்ட போயி சர்வர் எதுன்னு கேட்டா அவங்க எத வச்சு முடிவு பண்ணுவாங்க, அதான் என் ஆதங்கம். ஒண்ணு மட்டும் நினைவுல வச்சுக்கோங்க, பின்னாடி சர்வர் மாறணும்னா அக்கவுண்ட்ட அப்படியே தூக்கிட்டுப் போக முடியாது, புதுசா ஒண்ணு தொடங்கி ரூம்ல (வாட்ஸப் குரூப் மாதிரி) எல்லாம் திரும்பச் சேரணும்.

ரெண்டாவது படி, உங்க ஐடி

ஐடில மொதல்ல ஒரு @ குறி, அப்புறம் நீங்க குடுத்த பேரு, நடுவுல மேலயும் கீழயும் ரெண்டு புள்ளி, கடைசில சர்வர் பேரு. முழுசா குடுத்தாதான் ஆள் கிடைக்கும், பேர மட்டும் குடுத்தா ஊர் போடாத லெட்டர் மாதிரி. போன் நம்பர வச்சு ஆளக் கண்டுபிடிக்கணும்னா எல்லார் நம்பரையும் ஒரே இடத்துல சேத்து வைக்கணும், அப்படி ஒரு இடம் வேணாம்னுதானே இந்தப் பக்கமே வந்தோம். அதனால ப்ரொஃபைல் லிங்க்க காப்பி பண்ணி, எந்த ஆப்ல இப்ப பேசிட்டு இருக்கீங்களோ அதுலயே அனுப்பிடுங்க, தட்டினா நேரா உங்ககிட்ட வந்துடுவாங்க.

மூணாவது படி, ரெகவரி கீ

இத நாளைக்குன்னு தள்ளாதீங்க. செட்டிங்ஸ்ல என்க்ரிப்ஷன், அதாவது மெசேஜ பூட்டி அனுப்புற பகுதிக்குப் போனா ரெகவரி கீ வாங்கிக்கிற பட்டன் இருக்கும், தட்டினா நாலு நாலு எழுத்தா பன்னெண்டு கூட்டம், மொத்தம் 48 எழுத்து வரும்.

உங்க மெசேஜ் எல்லாம் பூட்டித்தான் போகுது, அந்தப் பூட்டோட சாவிங்க உங்க போன்ல இருக்கு, சர்வர்ல ஒரு காப்பி இருந்தாலும் அது ஒரு பெட்டிக்குள்ள பூட்டிக் கிடக்கு, அந்தப் பெட்டியத் திறக்கறதுதான் இந்த 48 எழுத்து. பாஸ்வேர்ட் வேற, இது வேற. பாஸ்வேர்ட் உங்கள வீட்டு வாசல் வரைக்கும்தான் விடும்.

எங்க அக்காவுக்கு இத நான்தான் போட்டுக் குடுத்தேன், கீய எழுதி வைன்னு சொல்லாம விட்டுட்டேன். போன் தண்ணில விழுந்துச்சு, புது போன் வாங்கி லாகின் பண்ணா உள்ள போயிட்டா, ஆனா ஒரு வருஷம் நாங்க பேசினது ஒண்ணு கூட அவளுக்குத் திறக்கல. அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப போட்டதெல்லாம் அதுலதான் இருந்துச்சு. நல்ல வேளை என் போன்ல அதெல்லாம் தெரிஞ்சது, ராத்திரி உக்காந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எடுத்து அனுப்பினேன். வேற யாருக்கும் அப்படி ஆகக் கூடாதுன்னுதான் இந்தப் பதிவே.

பேனாவால எழுதுங்க. பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் முக்கியம், ஆனா சைபர், பெரிய ஓ, பெரிய ஐ, சின்ன எல், இந்த நாலும் இதுல வரவே வராது, கையால எழுதும்போது குழம்பக் கூடாதுன்னு யோசிச்சு விட்டிருக்காங்க. இந்த மாதிரி ஒரு சின்ன அக்கறை எல்லா ஸ்க்ரீன்லயும் இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும். போன்ல நோட்ஸ்ல மட்டும் வச்சா போனோட போயிடும், நோட்டுல எழுதி ரேஷன் கார்டு வைக்கிற இடத்துலயே வைங்க.

நாலாவது படி, ரெண்டாவது டிவைஸ்

கம்ப்யூட்டர்ல எலிமெண்ட் வெப்ல (ப்ரௌசர்ல ஓடுற எலிமெண்ட்) லாகின் பண்ணா இது நீங்கதானான்னு கேக்கும். இன்னொரு டிவைஸ் வச்சு உறுதி பண்றேன்னு குடுங்க, ரெண்டு ஸ்க்ரீன்லயும் ஏழு ஏழு எமோஜி வரும், ஒரே வரிசைல இருந்தா ஓகே குடுங்க, ஒண்ணு மாறி இருந்தாலும் வேணாம்னு நிறுத்துங்க. போன் பக்கத்துல இல்லன்னா அந்த 48 எழுத்த அடிக்கலாம். ரெண்டும் இல்லன்னா ரீசெட் பண்ணச் சொல்லும், எங்கேயாச்சும் எழுதி வச்சிருக்கோமான்னு நல்லா தேடிப் பாக்காம அதத் தொடாதீங்க, பழைய மெசேஜ் திரும்பக் கிடைக்காது.

அஞ்சாவது படி, ரூம்

குடும்பத்துக்குன்னா ப்ரைவேட் ரூம் போடுங்க, என்க்ரிப்ஷன் தானா ஆன்ல இருக்கும், ஒரு தடவ ஆன் ஆன ரூம்ல திரும்ப ஆஃப் பண்ண முடியாது. ஆனா ரூம் பேரு, நீங்க போடுற லைக் ஹார்ட் மாதிரி ரியாக்‌ஷன், இதெல்லாம் பூட்டுக்குள்ள வராது, சர்வர் நடத்துறவங்களுக்குத் தெரியும், அதனால ரூம் பேர்ல ரகசியம் வைக்காதீங்க.

யார் யார் எந்த எந்த சர்வர்ல இருக்காங்களோ அத்தன சர்வர்லயும் அந்த ரூமோட காப்பி ஒண்ணு இருக்கும். ஒரு சர்வர் படுத்தாலும் மத்தவங்க பேசிட்டே இருக்கலாம், அது பெரிய பலம். அதே காரணத்தாலதான் டெலிட் குடுத்தா நம்ம சர்வர் மத்த சர்வருங்களுக்கு அழிச்சிடுங்கன்னு சொல்லி அனுப்புது, அவங்க கேக்கணும், கட்டாயப்படுத்த வழி இல்ல. ஆயிரக்கணக்குல ஆள் இருக்க பப்ளிக் ரூம்ல சின்ன சர்வர்லேர்ந்து சேரும்போது லேட்டாகறதும் இதனாலதான், சுத்திக்கிட்டே இருக்குன்னு க்ளோஸ் பண்ணிடாதீங்க, கொஞ்சம் விடுங்க.

ரூம் ரெடியானதும் முதல்ல ஒரே ஒரு ஆள மட்டும் கூப்பிடுங்க, அவங்களும் ரெகவரி கீ எழுதிட்டாங்களான்னு போன் பண்ணிக் கேட்டுட்டு அப்புறமா அடுத்த ஆள சேருங்க.